அமிடால் தட்டில் ஒரு நிக்காஹ் படம்

என் கணவர் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிய அதே வாரத்தில்தான் முதல் அமிடால் பாட்டில் சென்னையிலிருந்து பார்சலில் வந்தது. அவர் போனதற்கும் அது வந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் இரண்டையும் சேர்த்துத்தான் பேசினார்கள். "புருஷன் அந்தப் பக்கம் போனதும் இந்தம்மா என்னமோ மருந்து வரவழைக்குது" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னதாக எனக்கே வந்து சொன்னார்கள். மருந்துதான். ஆனால் குடிக்கிற மருந்து இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தைக் காகிதத்தில் எழுப்புகிற மருந்து.

தஞ்சாவூரில் ரயிலடிக்குப் போகிற தெருவில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. முன்னறையில் அவர் படம் எடுப்பார். பின்னால் இருந்த டார்க்ரூமில் நான் பிரின்ட் போடுவேன். நான் தரங்கம்பாடிக்காரி, வேதியியல் பட்டதாரி. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் டார்க்ரூமைச் சுற்றிக் காட்டியபோது, "டெவலப்பர்ல என்னென்ன கலக்குறீங்க?" என்று கேட்டேன். "பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டுவோம்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து தராசு வைத்து நிறுத்துக் கலக்குகிற வேலை என்னுடையதாகிவிட்டது. பிரின்ட் போடுகிற வேலையும் மெல்ல மெல்ல என் கைக்கு வந்தது. அவர் வெளிச்சத்தில் கெட்டிக்காரர். நான் இருட்டில். இதை இரண்டு பேருமே ஒப்புக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகள் தொடங்கியபோது கல்யாணங்கள் எல்லாம் கலருக்குப் போய்விட்டன. முதலில் ரோல்களைத் திருச்சி லேபுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பிறகு தஞ்சாவூரிலேயே கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு ஒரு கலர் லேப் வந்தது. கறுப்பு வெள்ளையில் எங்களுக்கு மிஞ்சியது பாஸ்போர்ட் போட்டோ. அதற்கு மட்டும் குறைவே இல்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மேட்டூர் திறக்காமல் குறுவை போன வருடங்களில் இன்னும் அதிகம் பேர். எங்கள் கடையில் ஒரே ஒரு கோட்டு இருந்தது. அதையே எல்லோருக்கும் மாட்டிவிடுவோம். அந்தக் கோட்டு சவுதிக்கும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனை தடவை போயிருக்கும் என்று கணக்கில்லை.

ஒருநாள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் கணவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். மஸ்கட்டில் ஒரு கலர் லேபில் வேலை கிடைத்திருந்தது. படத்தை நான்தான் எடுத்தேன்.

"கடையை மூடிட்டு அம்மா வீட்டுக்குப் போயிரு. ரெண்டு வருஷத்துல உன்னையும் கூப்பிட்டுக்குறேன்" என்றார்.

"மூட மாட்டேன்."

"போட்டோ யாரு எடுப்பா?"

"இப்ப யாரு எடுத்தா? ரெண்டு காதும் தெரியணும், கண்ணு திறந்திருக்கணும். அவ்வளவுதானே. பிரின்டெல்லாம் இத்தனை வருஷமா யாரு போட்டது?"

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அமிடாலைத் தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. கறுப்பு வெள்ளைச் சாமான்கள் கடைக்கு வருவது குறைந்துகொண்டே போனது. டெவலப்பர் பாக்கெட் ஒரு மாதம் வரும், மறு மாதம் வராது. சாஃப்ட் ரகக் காகிதம் அறவே நின்றுவிட்டது. முரட்டு நெகட்டிவ்களை, அதாவது வெளிச்சமும் நிழலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறவற்றை, அந்தக் காகிதத்தில்தான் சமாளிப்போம். கல்லூரி நாட்களில் நூலகத்திலிருந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து சில பார்முலாக்களை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதில் அமிடால் இருந்தது. மற்ற டெவலப்பர்களுக்குச் சோடா மாதிரி ஒரு காரம் சேர்த்தால்தான் வேலை நடக்கும். அமிடாலுக்குக் காரம் வேண்டாம். சல்பைட் உப்போடு தண்ணீரில் கரைத்தால் போதும். ஆனால் கரைத்த அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், எடுத்து வைக்க முடியாது. பாக்கெட் வருமா வராதா என்று கடைக்காரர் வாயைப் பார்த்து நிற்பதைவிட இது மேல் என்று தோன்றியது.

பாட்டிலைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஊசி ஊசியாகத் தூள். முதல் நாள் கையுறை போடாமல் கலக்கினேன். முதல் பிரின்ட் தட்டில் எழுந்ததைப் பார்த்தபோது கை அப்படியே நின்றது. எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் சிலையின் கறுப்பு அது. இத்தனை வருடம் நான் கறுப்பென்று நினைத்துப் போட்டதெல்லாம் வெறும் சாம்பல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த ஒரு கொத்தனாரின் முகம்தான். அதை உலர்த்தி ஜன்னலோரம் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் பத்து நகமும் கறுத்திருந்தன. எலுமிச்சை, புளி, சோப்பு எதற்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்துக்குக் கை நீட்டியபோது போதகர் அப்பத்தைக் கையில் வைக்காமல் ஒரு கணம் என் விரல்களையே பார்த்தார். ஆராதனை முடிந்ததும், "உடம்புக்கு ஏதாவது சுகமில்லையாம்மா?" என்று கேட்டார். "தொழில் கறைங்க ஐயா" என்றேன். அதன்பின் கையுறை போட்டுக்கொண்டேன். ஆனாலும் தூள் எங்கேயாவது பறந்து போய் உட்காரும். துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சேலையில் பழுப்புப் புள்ளிகள் முளைக்கும்.

இன்னொரு தொல்லை வெயில். சித்திரை வெக்கையில் கரைத்து வைத்த அமிடால் ஒரு மணி நேரத்தில் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அதற்குக் கீழவாசல் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கினேன். பெரிய தட்டில் ஐஸை நொறுக்கிப் போட்டு அதற்குள் மருந்துத் தட்டை வைத்தேன். டார்க்ரூமில் கொஞ்சம் வஞ்சிரம் மணத்தது உண்மைதான். ஆனால் மருந்து மதியம் வரைக்கும் தாங்கியது.

இப்படி ஒரு வருடம் போயிருக்கும். ஒருநாள் காலை பத்து மணி வாக்கில், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும்.

"அக்கா, பழைய நெகட்டிவ்லேருந்து போட்டோ போட்டுத் தருவீங்களாமே?"

"தருவேன். உள்ள வாங்க, உக்காருங்க."

முத்துப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று உட்காரும்போதே சொன்னாள். பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். கவருக்குள் பட்டர் பேப்பர், அதற்குள் ஒரே ஒரு சதுர நெகட்டிவ். கூடவே அதிலிருந்து அந்தக் காலத்தில் போட்ட ஒரு பிரின்ட்டும் இருந்தது.

பிரின்ட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. நாகூரில் அவளுடைய தாய்வீட்டு முற்றத்தில் எடுத்த கல்யாணப் படம். மணப்பெண் முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை கறுப்புக் கோட்டோடு ஓரடி பின்னால் தாழ்வாரத்து நிழலில் நிற்கிறார். ஃபிளாஷ் அடிக்கவில்லை போலிருக்கிறது. பெண் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு. மாப்பிள்ளை முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி.

"இது எதுக்குங்க வேணும்?"

அவள் சொன்னாள். கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். இப்போதுதான் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளக் கம்பெனியில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் நிக்காஹ் சான்றிதழில் எழுதியிருப்பது அவருடைய வீட்டுப் பெயர். பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளிக்கூடப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குக் கல்யாணப் படம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று விசா ஏஜென்ட் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு பேரும் சேந்து எடுத்த வேற படம் இல்லையா?"

"இருக்குக்கா. போன லீவுல எடுத்தது. ஆனா அதுல எம்பொண்ணு நடுவுல நிக்கிறா. அதை எப்படிக் கல்யாணப் படம்னு காட்டுறது?"

ஏற்கெனவே மூன்று கடை ஏறி இறங்கியிருந்தாள். முதல் கடையில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். இரண்டாவது கடையில் மாப்பிள்ளை தெரிகிற மாதிரி ஒரு பிரின்ட் போட்டார்கள். "அதுல கல்யாணத்துல பொண்ணே இல்லக்கா" என்றாள். மூன்றாவது கடைக்காரர் இரண்டு பிரின்ட் போட்டு, வெட்டி, ஒட்டி, அதைத் திரும்பப் படமெடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏஜென்ட் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒட்டுப் போட்டோவைக் கொடுத்தால் வரவிருக்கிற விசாவும் வராது என்று திருப்பித் தந்துவிட்டார்.

நெகட்டிவை ஜன்னல் பக்கம் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெயில் பட்ட பெண் முகம் கறுப்பாகவும் நிழலில் நின்ற மாப்பிள்ளை வெறும் கண்ணாடி போலவும் இருக்கும். அந்தக் கறுப்புக்குள் மூக்குத்தி இருந்தது. இமை இருந்தது. கண்ணாடி போலிருந்த இடத்தில் ஒரு தாடை ஓரம் லேசாகத் தெரிந்தது.

"வரும்" என்றேன்.

"நெசமாவாக்கா?"

"நெகட்டிவ்ல இருக்குறது பேப்பர்ல வரும். இல்லாததை என்னால கொண்டுவர முடியாது. உங்க முகமும் இதுல இருக்கு, அவர் முகமும் இருக்கு. அடுத்த வாரம் வாங்க."

அவள் எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "மூணு கடையிலயும் சரியா வரலை. நீங்க எப்படிக்கா பாத்த உடனே சொல்றீங்க?"

"அவங்க மருந்து வேற, என் மருந்து வேற."

கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னேன். அந்தக் கர்வத்துக்கு அந்த வாரம் முழுவதும் உழைக்க வேண்டியிருந்தது.

வழக்கமாக இப்படிப்பட்ட நெகட்டிவுக்கு என்லார்ஜர் வெளிச்சத்தில் கையையோ அட்டையையோ ஆட்டி ஒரு பக்கத்தை மறைப்போம். இதில் அது உதவாது. இரண்டு முகத்துக்கும் நடுவில் விரல்கடைதான் இடைவெளி. மறைத்தால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போல ஒரு வெளுப்பு விழும். அதைப் பார்த்தால் ஏஜென்ட் மறுபடியும் ஒட்டு என்றுதான் சொல்வார். ஆகவே காகிதத்தில் வெளிச்சத்தை ஒரே சீராகத்தான் விட வேண்டும். சமாதானம் செய்துவைக்கிற வேலை மருந்துத் தட்டில்தான் நடக்க வேண்டும்.

அதற்கு என் நோட்டில் ஒரு வழி எழுதியிருந்தது. காகிதத்தை அமிடாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, எடுத்து, பக்கத்தில் வெறும் தண்ணீர்த் தட்டில் போட்டு அசையாமல் விட்டுவிட வேண்டும். காகிதம் குடித்த மருந்து உள்ளேயே இருக்கும். கறுக்க வேண்டிய இடத்தில் அந்த மருந்து சீக்கிரம் செலவாகித் தீர்ந்துபோகும், அதற்குமேல் அங்கே கறுக்காது. வெளுத்த இடத்திலோ மருந்து மிச்சம் இருக்கும். அது தண்ணீருக்குள்ளேயே நிதானமாக வேலை செய்துகொண்டிருக்கும். மற்ற டெவலப்பர்களைத் தண்ணீரில் போட்டால் காரம் கழுவிப்போய் வேலை நின்றுவிடும். அமிடாலுக்குத்தான் காரமே வேண்டாமே. எழுதியதைப் படித்தபோது எனக்கு நன்றாகவே விளங்கியது. கையால் செய்து பார்த்தது கிடையாது.

முதல் நாள் ஒன்றும் சரிப்படவில்லை. பழக்கதோஷத்தில் தண்ணீர்த் தட்டையும் ஆட்டிவிட்டேன். ஆட்டினால் மருந்து வெளியே வந்துவிடும். மணப்பெண் முகத்தில் கோடு கோடாக விழுந்தது. இரண்டாம் நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முகம் வர ஆரம்பித்தது. ஆனால் காகிதம் முழுக்க மஞ்சளடித்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதன் வேலைதான் இது. பேட்டரிக் கடைக்குப் போய் டிஸ்டில்டு வாட்டர் கேன் இரண்டு வாங்கிவந்தேன். "கார் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே ஐஸ் வந்துவிட்டது. மருந்தைக் கரைத்தேன். மணப்பெண் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவும் கொடுத்தேன். சாதாரணமாகக் கழுவினால் மாப்பிள்ளை தார் டின்னுக்குள் போய்விடுகிற அளவு அது. காகிதத்தை அமிடாலில் அழுத்தி முப்பது எண்ணினேன். தூக்கி, சொட்டவிட்டு, தண்ணீரில் கிடத்தினேன். இரண்டு நிமிடம் தொடவில்லை. மறுபடி மருந்து, மறுபடி தண்ணீர். நாலாவது முறை தண்ணீரில் கிடந்தபோது, சிவப்பு விளக்கில், வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு இமை வந்தது. அப்புறம் மூக்குத்தி. அப்புறம் கீழே பார்க்கிற மாதிரி இருந்தும் உண்மையில் நேராகக் கேமராவைப் பார்க்கிற ஒரு பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணின் கண்கள். பின்னால் மாப்பிள்ளை கரியாகாமல், கன்னமும் மீசையும் தெரிய, கொஞ்சம் பயந்த முகத்தோடு நின்றிருந்தார்.

படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போவில் போட்டுவிட்டு விளக்கைப் போட்டேன். வாய்விட்டே சிரித்தேன். அந்த அறையில் நான் தனியாகச் சிரித்தது எனக்கே விநோதமாக இருந்தது.

பிறகுதான் மூன்றாவது ஆளைப் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கும் பின்னால், தாழ்வாரத்தின் கடைசியில், தூணை ஒட்டி ஒரு ஆள் நின்றிருந்தார். பழைய பிரின்ட்டில் அந்த இடம் வெறும் இருட்டு. இதில் அவருடைய நெற்றியும் கண்ணும் தூணைப் பிடித்த கையும் தெளிவாக இருந்தன. கல்யாண வீட்டு உடுப்பில் இல்லை. கோடு போட்ட அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா. கால் வெளியே போகிற பக்கம் திரும்பியிருந்தது. கண் மட்டும் மணப்பெண் மேல் இருந்தது.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. விசாவுக்குப் போகிற படம். முன்பின் தெரியாத ஒரு ஆள் நிற்பதைப் பார்த்து ஏதாவது கேள்வி கேட்பார்களோ? அந்த மூலைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விட்டால் போதும், ஆள் பழையபடி இருட்டுக்குள் போய்விடுவார். அது ஒரு நிமிட வேலை. அடுத்த காகிதத்தை என்லார்ஜருக்கு அடியில் வைத்துவிட்டு யோசித்தேன். அவர் அங்கே நின்றது உண்மை. நான் கொண்டுவந்து நிறுத்தவில்லை. வேண்டாமென்றால் அந்தப் பெண் சொல்லட்டும், அப்போது மறைத்துக்கொள்ளலாம். அப்படியே மூன்று பிரின்ட் போட்டு உலர்த்தினேன்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். மேசையில் படத்தை வைத்தேன். முதலில் தன் முகத்தைப் பார்த்தாள். "அல்லாஹ், நான் இப்படியா இருந்தேன்" என்று சிரித்தாள். கணவர் முகத்தைப் பார்த்து, "பயந்துபோய் நிக்கிறாரு பாருங்கக்கா" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றது. படத்தை இன்னும் கிட்டத்தில் எடுத்துக்கொண்டாள்.

"இவர் யாருன்னு தெரியுமாங்க? வேண்டாம்னா மறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்றேன்.

"எங்க நானா" என்றாள். நாகூர் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இவர் என் கல்யாணத்துக்கு வரலையே அக்கா."

ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். அண்ணனுக்கு நாகூரில் இரும்புச் சாமான் கடை. இந்தச் சம்பந்தம் பேசியபோது அவர் ஒருத்தர்தான் வேண்டாம் என்றார். மாப்பிள்ளை மேல் குறை இல்லை. வெளிநாட்டுக்காரனுக்குக் கொடுத்தால் தங்கச்சி வருடம் பூராவும் தனியாகக் கிடப்பாள் என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். வாப்பாவுக்கும் அவருக்கும் வார்த்தை தடித்தது. இந்த நிக்காஹுக்கு வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று சரக்கெடுக்கச் சிதம்பரம் போய்விட்டார் என்று வீட்டில் சொன்னார்கள். அன்றையிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த அன்றுகூட ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"அவர் சொன்ன மாதிரிதான் ஆச்சு. தனியாத்தான் கிடந்தேன். அதனாலயே அவர்கிட்டப் போயி நிக்க எனக்கு ரோசமா இருந்துச்சு" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "இதுல ஏதும் ட்ரிக் இல்லையேக்கா?"

நான் நெகட்டிவை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து இடத்தைக் காட்டினேன். "இங்க பாருங்க. தூண். இது அவர் கை. ஒன்பது வருஷமா உங்க அலமாரியிலதான் இருந்திருக்காரு."

அவள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். மறைக்கச் சொல்லவில்லை. மூன்று பிரின்ட்டையும் வாங்கிக்கொண்டு முத்துப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில், கடை வாசலில் அவளும், கூடவே கனமான உடம்போடு ஒரு ஆளும் நின்றார்கள். தலை நரைத்திருந்தது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த நெற்றியை நான் மூன்று தடவை பிரின்ட் போட்டவள்.

"என்னைக் காட்டிக்கொடுத்தது நீங்கதானா?" என்றார். கோபமா கேலியா என்று புரியவில்லை.

"உங்க தங்கச்சி வெயில்ல உக்காந்ததால வந்த வினைங்க" என்றேன்.

அவர் சிரித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேமராக்காரன் கண்ணுல படக்கூடாதுன்னுதாம்மா அந்த இருட்டுல போயி நின்னேன். சிதம்பரத்துக்குக் கிளம்பினது உண்மை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். பஸ்ஸும் வந்துருச்சு. ஏறப் பிடிக்கலை. கொல்லைப் பக்கமா வந்து பாத்துட்டுப் போயிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது, என் பொஞ்சாதிக்குக்கூட."

"பிரியாணி சாப்பிடாமப் போயிட்டியே நானா" என்றாள் அவள்.

அவள் எப்படிப் போய்ப் பேசினாள் என்று கேட்டேன். அதிகம் பேசவில்லையாம். நாகூருக்குப் போய்க் கடைக் கல்லாவில் அந்தப் படத்தை வைத்துவிட்டு நின்றிருக்கிறாள். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "கடைச் சட்டையோட நிக்கிறேனே" என்பதுதான். அப்புறம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு படம் வேண்டுமென்றார்கள். அவர் கறுப்பு வெள்ளையில்தான் வேண்டும் என்றார். அதுவரை நான் பாஸ்போர்ட் போட்டோ தவிர வேறு படம் எடுத்தது கிடையாது. காது தெரிந்தால் போதும் என்கிற வேலை இல்லை இது. விளக்கை அப்படியும் இப்படியும் நகர்த்தினேன். கோட்டை எடுத்து நீட்டியபோது அவர் வேண்டாமென்று கையை ஆட்டினார். அவர் ஸ்டூலில் உட்கார, அவள் பக்கத்தில் நின்று தோளில் கை வைத்தாள். நான் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் அவளிடம், "போன உடனே போன் போடு. கடை நம்பர் இருக்குல்ல?" என்றார். அவள் தலையாட்டினாள். அந்த நேரத்தில் அழுத்தினேன்.

மறுநாள் காலையில் அமிடால் கரைத்து அந்தப் படத்தைப் போட்டேன். தண்ணீர்த் தட்டு தேவைப்படவில்லை. வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. என் கணவரே எடுத்திருந்தாலும் இதைவிட நன்றாக எடுத்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

ஏஜென்ட் நிக்காஹ் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார். தூணோரம் நின்ற ஆளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் விசா வந்தது. கிளம்புவதற்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தாள். என் கணவர் மஸ்கட்டில் இருப்பதை முன்பே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

"நீங்க எப்பக்கா மஸ்கட்டுக்குப் போறீங்க?"

"நான் போகலைம்மா. அவரு வரட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஒன்பது வருடம் தனியாக இருந்தவளுக்கு அது புரிந்திருக்காது. எனக்கும் தனிமை தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எவ்வளவு நீளம் என்று தெரியும். ஆனால் அந்தப் பின்னறையில் நான் செய்கிற வேலையை மஸ்கட்டில் யாரும் என்னிடம் கொடுக்கப் போவதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. என் கணவரிடம்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைகளில் எதிர்த்த எஸ்டிடி பூத்துக்கு அவர் போன் போடுவார். அந்த வாரம் நிக்காஹ் படத்தின் கதை முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "தண்ணில எத்தனை நிமிஷம் விட்டே?" என்று கேட்டார்.

"ரெண்டு. நாலு சுத்து."

"ஆட்டலையே?"

"முதல் நாள் ஆட்டினேன். கெட்டுப்போச்சு."

"இங்க மெஷின் வாயிலேருந்து படம் வந்துக்கிட்டே இருக்கு. கவர்ல போட்டு ஒட்டுறதுதான் என் வேலை. ஒரு முகத்தைக்கூட நான் பாக்குறதில்லை" என்றார். "விசா எடுக்கட்டுமான்னு போன மாசம் கேட்டேன்ல, நீ பதிலே சொல்லலை."

"இதுதாங்க பதில்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் கேள்வி, இந்த வாரம் என்ன நெகட்டிவ் வந்தது என்பதுதான். சொல்வதற்கு எப்போதும் இருந்தது. முத்துப்பேட்டையில் அவள் யாரிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போனாளோ, அதிராம்பட்டினத்திலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆட்கள் கவரும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கூட எடுத்துப்போக, இங்கே இருக்கிறவர்கள் சுவரில் மாட்ட. முடியாது என்று நான் திருப்பி அனுப்பியதும் உண்டு. பூஞ்சை தின்ற நெகட்டிவில் அமிடாலுக்கு வேலை இல்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

நாலு வருடம் கழித்து என் கணவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். ஒரு கலர் மெஷின் போடலாம் என்றார். நானும் சரி என்றேன். கலர் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. முன்னறையில் இடம் போதாது, டார்க்ரூம் சுவரை இடித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டலாம் என்று மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மேஸ்திரி நூல் பிடித்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு என் தண்ணீர்த் தட்டு இருக்கிற மேடை வழியாகப் போனது.

"இல்லைங்க. அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க" என்றேன்.

மேஸ்திரி என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

"அவங்க சொல்ற இடத்துலயே போடுங்க" என்றார்.

மெஷின் கொஞ்சம் இடுக்கமாகத்தான் உட்கார்ந்தது. அவருக்கு அதைச் சுற்றி நடக்கப் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. பழகிக்கொண்டார்.